திரும்பி நிற்கும் எழுத்தும் திருந்தி வரும் பிள்ளையும்

(களுபோவிலையில் கூடிய பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இக்கூட்டத்திற்கு வருமாறு எம்மை அழைத்த அன்பர்கள் பெரிய பொருளொன்றைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நாமோ மிகச் சிறிய பொருளொன்றைத் தெரிந்துகொண்டோம். ஐந்து வயதுப் பிள்ளை சிலேட்டிலே எழுதும் ‘ட’ என்னும் எழுத்தே அது. அவ்வெழுத்து வலப்பக்கம் பார்க்க வேண்டியிருக்க, பிள்ளை அதனை இடப்பக்கம் பார்க்க எழுதிவிடுகிறது. 3 என்ற இலக்கத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதுகிறது. ஆங்கிலத்திலே பீ, டீ என்னும் இரு சிறிய எழுத்துகளுள் எதற்கு வயிறு எந்தப் பக்கம் என்று தெரியாது திகைக்கிறது.

இதனைச் சிறு விடயம் என்று எவரும் தள்ளிவிடலாகாது. இந்த ஒரு பிழைக்காக அடிபட்ட பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். ‘மக்கு’ என்ற பட்டத்தை ஆறு வயதிலே பெற்று அறுபது வயதுவரை சுமந்தவர்களைக் கண்டிருக்கிறோம். ‘தமிழ் எழுத்து இவனுக்கு ஏறாது, தமிழை விட்டுவிடலாம்’ என்று தீர்மானித்த பெற்றோரையும் இவ்வூரிலேயே கண்டிருக்கிறோம். ஆகவே, திரும்பி நிற்கும் எழுத்தோடு ஒரு பிள்ளையின் மானமும், ஒரு குடும்பத்தின் மொழியும் சேர்ந்து நிற்கின்றன என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

மாடு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

எமக்குத் தெரிந்த வீடொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டுவதில்லை. முதலாம் வகுப்பிற் படித்த சிறுவன் ஒருவன் ‘ட’ வையும் 7 ஐயும் திருப்பித் திருப்பி எழுதினான். பள்ளியிலே நூறு முறை எழுதிவரும்படி சொன்னார்கள். அவனும் எழுதினான், நூறு முறையும் திருப்பியே எழுதினான்! மறுநாள் முழந்தாளில் நிறுத்தப்பட்டான். அன்றிலிருந்து கொப்பியைக் கண்டாலே அழுதான். ஈற்றில் தாள்களைக் கிழித்து மெத்தையின் கீழ் ஒளித்து வைக்கவுந் தலைப்பட்டான்.

அவ்வீட்டிலே வடக்கிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் இருந்தார். தோட்டஞ் செய்து வாழ்ந்தவர், அதிகம் படித்தவரல்லர். அவர் பேரனை அருகிருத்தி, “ராசா, இந்த எழுத்து ஏன் மற்றப் பக்கம் பார்க்குது?” என்று கேட்டார். பிள்ளை சற்று யோசித்துவிட்டு, “அப்பு, மாடு எந்தப் பக்கம் பார்த்தாலும் மாடுதானே?” என்றான்.

அன்பர்களே! அச்சிறுவன் கேட்ட கேள்வியை நகைத்து ஒதுக்க வேண்டாம். அறிவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்து கண்ட உண்மை அக்கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது. கிழக்கு நோக்கி நிற்கும் பசுவும் மேற்கு நோக்கி நிற்கும் பசுவும் ஒரே பசுதான். கைப்பிடி வலப்புறமாக வைத்த கோப்பையும் இடப்புறமாக வைத்த கோப்பையும் ஒரே கோப்பைதான். பக்கம் மாறினாலும் பொருள் மாறாது என்று அறிவதே இயற்கை மூளைக்குத் தந்த வரம். புலி இடப்பக்கம் பார்த்து நின்றபோது அதனைப் புலியென்று அறிந்தவன், அது வலப்பக்கம் திரும்பியதும் வேறொரு விலங்கென்று மயங்கியிருந்தால் மனித குலம் எஞ்சியிராது.

எழுத்தோ மனிதன் செய்த பொருள். அது தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. எழுத்துக்கென்று தனியே ஓர் உறுப்பு மூளையில் அமையவில்லை. முகத்தையும் பொருளையும் காண்பதற்கு அமைந்த பகுதியையே எழுத்துக்கும் பழக்கிக்கொள்கிறோம். பிரான்சு நாட்டு மூளையியலறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இதனை விரித்துக் காட்டியுள்ளார். ஆதலால், எழுதத் தொடங்கும் பிள்ளை புதிதாக ஒன்றைக் கற்பதோடு, பிறந்தது முதல் பயன்பட்டுவந்த பழக்கமொன்றை எழுத்தளவில் மறக்கவும் வேண்டியிருக்கிறது. அதற்குக் காலஞ் செல்லாதா?

முன்னோரும் திருப்பி எழுதினர்

பழைய கிரேக்கர் ஒரு வரியை இடமிருந்து வலமாகவும் அடுத்த வரியை வலமிருந்து இடமாகவும் எழுதிய காலமொன்று இருந்தது. திரும்பும் வரியில் எழுத்துகளையும் திருப்பியே வெட்டினார்கள். அம்முறைக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் ‘எருது திரும்புவது போல’ என்பதாம். உழவர் பெருமக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஏர் ஒரு சால் போய், வரப்பிலே திரும்பி, மறுசால் வருவது போலவே எழுத்தும் வந்தது. எமது இலங்கையின் பழைய பிராமிக் குகைக் கல்வெட்டுகளுள்ளும் சில வலமிருந்து இடமாக வெட்டப்பட்டுள்ளன. இத்தாலியின் பெரும் ஓவியர் லியனார்டோ டாவின்சி இடக்கைப் பழக்கமுள்ளவர்; தம் குறிப்பேடுகளைக் கண்ணாடி எழுத்திலேயே எழுதி வைத்தார். கல்லிலே வெட்டிய முன்னோரை ‘மக்கு’ என்று சொல்வார் உண்டோ? பிறகு ஐந்து வயதுப் பிள்ளையை மட்டும் ஏன் சொல்கிறோம்?

எது நோய், எது பருவம்?

இங்கே ஒரு வரலாற்றை அறிதல் நன்று. 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மோர்கன் என்பார், பேர்சி என்னும் பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அவன் கூரிய அறிவுடையவன், கணக்கில் வல்லவன், ஆயினும் வாசிக்க மாட்டான், தன் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் அவனே பள்ளியில் முதல்வனாவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். பின்னர் 1925ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஓர்ட்டன், எழுத்துகள் திரும்பித் தோன்றுவதே வாசிப்பு இடர்ப்பாட்டின் மூலமென்று கருதினார். அன்று தொட்டு, ‘எழுத்தைத் திருப்பி எழுதும் பிள்ளைக்கு நோய்’ என்ற எண்ணம் உலகெங்கும் பரவிற்று.

பிற்கால ஆராய்ச்சி அதனைத் திருத்திவிட்டது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் பிழைகளை 1970களில் எண்ணிப் பார்த்தபோது, எழுத்தைத் திருப்பிப் பார்த்ததால் வந்தவை அவற்றுள் சிறு பங்கேயாம். பெரும்பாலானோருக்கு இடர்ப்பாடு கண்ணிலன்று. சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்துவதிலேயே இருந்தது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு உண்மையில் உண்டு. ஆனால் எழுத்துத் திரும்புவது ஒன்றை மட்டும் கொண்டு அதனைத் தீர்மானித்தல் ஆகாது.

எனவே பெற்றோர் மனத்திற் கொள்ள வேண்டியது இதுவே: நாலு, ஐந்து, ஆறு வயதிலே எழுத்துத் திரும்புவது பருவத்தின் இயல்பு. ஏழு வயதளவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானே குறைந்துவிடும். இடப்பக்கம் பார்க்கும் 2, 3, 7, 9 என்னும் இலக்கங்கள், 5, 6 என்பவற்றிலும் அதிகமாகத் திரும்புவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பெரும்பாலான எழுத்துகள் வலப்பக்கம் பார்ப்பதைக் கண்ட பிள்ளை, ‘எல்லாம் அப்படித்தான்’ என்று தானாகவே ஒரு விதி செய்துகொள்கிறது போலும். பாருங்கள்! பிழையிலும் அறிவு வேலை செய்கிறது.

தமிழ் எழுத்தின் தனிச் சிக்கல்

ஆங்கிலத்திலே ஓர் எழுத்தைத் திருப்பினால் அது வேறோர் எழுத்தாகிவிடுகிறது. தமிழிலே அத்துன்பம் மிகக் குறைவு. ‘ட’ வைத்த் திருப்பினால் அது வேறெழுத்தாவதில்லை. ‘ப’ வைத் திருப்பினாலோ பெரும்பாலும் ‘ப’ வாகவே நிற்கும்! ஆனால் தமிழுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அதுதான் கொம்பு.

‘மேகம்’ என்று வாயாற் சொல்லிப் பாருங்கள். முதலில் வருவது மகர ஒலி; பின் வருவது ஏகார ஒலி. எழுதும்போதோ ஏகாரத்தின் கொம்பை முன்னே போட்டு, மகரத்தைப் பின்னே எழுதுகிறோம். காது சொல்லும் வரிசை ஒன்று. கை எழுதும் வரிசை வேறொன்று. காதை நம்பி எழுதும் பிள்ளை மகரத்தை முதலில் எழுதி, கொம்பை அடுத்து வைக்கிறது. கொம்பு போய்க் ககரத்தோடு ஒட்டி ‘மகேம்’ ஆகிவிடுகிறது. ‘கொடி’ என்பதில் இன்னுந் தொல்லை. ஒரே ஒகாரம் இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும், யாழ்ப்பாணத்தார் அரவு என்னும் கால் பின்னும் நிற்க, ககரம் நடுவே அகப்பட்டுக்கொள்கிறது. ‘மௌனம்’ என்பதிலே பின்னிற்கும் குறியைப் பிள்ளை ளகரம் என்றே வாசிக்கிறது.

இக்கொம்பு எமக்கு மட்டும் உரியதன்று. சிங்கள எழுத்திலும் அது மெய்யெழுத்தின் முன்னேதான் நிற்கிறது; அதன் பெயரும் ‘கொம்புவ’ என்பதே. எனவே அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளையும் இதே இடத்திலே தடுக்கி விழுகிறது. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று வேறுபாடு வகுத்த பெருமையை 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவருக்கு உரியதாகச் சொல்வர். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ‘லை’, ‘னை’, ‘றா’ முதலிய எழுத்துகளின் பழைய வடிவை மாற்றியது. பெரியோரே காலந்தோறும் திருத்தி வந்த எழுத்தை ஒரு குழந்தை ஒரே ஆண்டில் பிழையறக் கற்றுவிட வேண்டுமென்பது நியாயமோ?

செய்ய வேண்டியவை

இனி வீட்டிலே செய்யத்தக்கவற்றைச் சொல்வோம். பணஞ் செலவில்லை, நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

முதலாவது, எழுத்தை உடம்பாற் பழக்குங்கள். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது என்ன செய்கிறோம்? பிள்ளையை மடியிலிருத்தி, விரலைப் பிடித்து, தட்டிற் பரப்பிய அரிசியிலே எழுதுவிக்கிறோம். திண்ணைப் பள்ளிகளிலே மணலில் விரலால் எழுதியே அரிவரி படித்தார்கள். 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியிலே குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையாரும், அரத்தாளில் வெட்டிய எழுத்தை விரலாற் தடவச் செய்தே எழுத்தறிவித்தார். அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். கண் மறந்தாலும் கை மறவாது என்பதே இவையனைத்தின் கருத்து. நாமோ ஒரு நாள் அரிசியில் எழுதுவித்துவிட்டு, மறுநாளே கூர்ந்த பென்சிலையும் நெருங்கிய கோட்டுத் தாளையுங் கொடுத்துவிடுகிறோம். வெள்ளவத்தைக் கடற்கரை இங்கிருந்து எவ்வளவு தூரம்? மாலையிலே பிள்ளையை அழைத்துச் சென்று, ஈரமணலிலே ஆளளவு எழுத்து எழுதுவியுங்கள்.

இரண்டாவது, நீங்கள் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பிள்ளைக்கு எதிரே நின்று காற்றிலே எழுதிக் காட்டினால், அதற்கு அவ்வெழுத்துத் திரும்பியே தெரியும். நாமே பிழையைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம்! பக்கத்தில் அமருங்கள், அல்லது ஏடு தொடக்கியது போலப் பின்னாலிருந்து கையைப் பிடியுங்கள்.

மூன்றாவது, தொடங்கும் புள்ளியைக் காட்டுங்கள். தாளின் இடவோரத்திலே நிறக்கோடொன்று இழுத்து, ‘இதுதான் வாசல், இங்கிருந்து புறப்படு’ என்று சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்திற்கும் வழியை வாயாற் சொல்லிக்கொண்டே எழுதப் பழக்குங்கள். ‘மேலிருந்து கீழே, கீழிருந்து வலப்பக்கம்’ என்றால் ‘ட’. அதே வழியில் ‘பிறகு மேலே’ என்று சேர்த்தால் ‘ப’. இவ்வாறு ஓரெழுத்திலிருந்து மற்றோரெழுத்து முளைப்பதைக் கண்ட பிள்ளை அதன் திசையை எளிதில் மறவாது.

நான்காவது, மயங்கும் எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். ‘ண’வும் ‘ன’வும், ரகரமும் காலும், ஆங்கிலத்துப் பீயும் டீயும் ஒன்றாக வந்தால் இரண்டுங் குழம்பும். ஒன்று வேர்விட்ட பின்னர் மற்றதை நடுங்கள்.

ஐந்தாவது, கொம்பைத் தனியே காட்டாதீர்கள். கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதி, ‘மே’ என்பதை ஒரு முழு உருவமாகக் காட்டுங்கள். ‘கொம்பு முன்னே நடக்கும், ஆனால் பின்னே வருபவருக்கே சொந்தம்’ என்று ஒரு சொல் சொல்லி வையுங்கள். ‘மே’, ‘க’, ‘ம்’ என்று மூன்று அட்டைகளைக் கொடுத்துப் பிள்ளையையே அடுக்கவிடுங்கள்.

ஆறாவது, நூறு முறை எழுதுவிக்கும் வழக்கத்தை ஒழியுங்கள். பிழையை நூறு முறை எழுதினால் பிழைதான் உறுதிப்படும். சரியாக ஐந்து முறை எழுதினாற் போதும். அவற்றுள் எது அழகானது என்று பிள்ளையையே தெரிந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஏழாவது, இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயலாதீர்கள். உணவுக்கு வலக்கை என்பது எமது வழக்கம், அது வேறு. எழுதும் கையைப் பிள்ளையின் மூளை தெரிந்துகொள்கிறது. தாளைச் சற்றுச் சாய்த்து வைத்துக் கொடுத்தால் அக்கையும் அழகாக எழுதும்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

எட்டு வயதாகியும் எழுத்துத் திரும்புவது குறையாவிடின், அதனோடு சேர்ந்து சொற்களின் முதலொலியைப் பிரித்துச் சொல்ல இயலாதிருப்பின், எளிய சொல்லையும் வாசிக்கத் திணறின், குடும்பத்தில் வேறெவருக்கும் அத்தகைய இடர்ப்பாடு இருந்திருப்பின், காலந்தாழ்த்தாது ஆலோசனை பெற வேண்டும். முதலில் கண்ணையும் காதையும் சோதிப்பியுங்கள். இவ்வூரிலேயே கொழும்புத் தெற்குப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பொரளையில் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் மருத்துவம் இலவசம். ஆலோசனை கேட்பதில் வெட்கமென்ன? பயிரிலே இலை சுருண்டால் விவசாய அலுவலரிடம் ஓடுகிறோம். பயிரை அடித்து நிமிர்த்த முயலும் கமக்காரன் உண்டோ?

அடியைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளைப் பள்ளியிலே அடித்தலாகாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்தது. சுற்றறிக்கை பள்ளி வாசல்வரைதான் வரும். வீட்டு வாசலைக் கடந்து வருவது எமது மனச்சாட்சி ஒன்றே. அடியினால் எழுத்துத் திரும்பாது. பிள்ளையின் மனந்தான் எழுத்தை விட்டுத் திரும்பிவிடும்.

தமிழைக் குற்றஞ் சொல்லாதீர்கள்

ஈற்றாக, எம் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். களுபோவிலையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு மூன்று எழுத்துகள் வேண்டும். வீட்டிலே தமிழ், வீதியிலே சிங்களம், தொழிலுக்கு ஆங்கிலம். மூன்றும் வேண்டியவைதாம். ஆனால் பிள்ளை தடுமாறும்போது பெற்றோர் முதலிற் கைவிடுவது எதனை? தமிழையே. ‘மூன்று மொழி படிப்பதால்தான் எழுத்துத் திரும்புகிறது’ என்று காரணமுஞ் சொல்கிறார்கள். ஒரேயொரு மொழி படிக்கும் இலண்டன் பிள்ளைக்கும் எழுத்துத் திரும்பத்தான் செய்கிறது. பன்மொழி கற்பதால் வாசிப்பு இடர்ப்பாடு பிறப்பதில்லை. மூன்றையும் ஒரே வாரத்திலே திணிப்பதுதான் தவறு. பிள்ளை பேசும் மொழியின் எழுத்தை முதலில் ஊன்றுங்கள். அது நிலைத்தபின் மற்றவை எளிதாக வரும்.

தாய்மொழி வழியே கற்கும் உரிமையை இந்நாட்டு அரசியல் யாப்பின் 21ஆம் உறுப்புரை எமக்கும் வழங்கியிருக்கிறது. அவ்வுரிமைக்காக மேடைகளிலே முழங்கியவர் பலர். ஆனால் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையை, மேசையிலே கிடக்கும் கொப்பியின் முன் நாமே பொறுமையிழந்து கைவிட்டால், யாரை நோவது?

அந்தச் சிறுவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதியவர் அவனுடைய கேள்விக்கு இப்படி விடை சொன்னாராம்: “மாடு எந்தப் பக்கம் பார்த்தாலும் மாடுதான், ராசா. ஆனால் ஏரிலே பூட்டினால் எல்லா மாடும் ஒரு பக்கந்தான் பார்க்க வேணும். எழுத்தும் ஏரிலே பூட்டின மாடு.” அன்று முதல் மாலைதோறும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். மணலிலே ஒரு சால் கீறி, ‘ட’வை அதிலே பூட்டச் சொன்னார். இரண்டு மாதஞ் சென்றது. அதன்பின்னும் சில நாள்களில் 7 திரும்பி நிற்கும். ஆனால் இப்போது பிள்ளை அழுவதில்லை. “அப்பு, இந்த மாடு திரும்பிப் போட்டுது” என்று தானே சிரித்துத் தானே திருத்திக்கொள்கிறான்.

தாய்மார்களே! பெரியோர்களே! இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். திரும்பிய எழுத்தொன்றைக் கண்டால், சிவப்பு மையை எடுக்குமுன் ஒரு தட்டிலே சிறிது அரிசியைப் பரப்புங்கள். மற்றது தானே நடக்கும்.